தூசி போட்ட சதுரம்

எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கணவனைத் தேடி வருவார்கள். மீதிப் பேர் கணவனோடு சுற்றுகிறவளைத் தேடி வருவார்கள். ஒரு அடுப்புக்காக யாரும் படியேறி நான் பார்த்ததில்லை. அன்று காலை அதுவும் நடந்தது.

பாஸ் நாற்காலியில் சாய்ந்து கிராம்பு மென்றுகொண்டிருந்தார். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து கிராம்புதான். வாய் மணக்கிறது, முன்கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் அவருடைய உதவியாளர். அப்பா அம்மா வைத்த பெயர் எனக்கும் ஒன்று உண்டு. பாஸ் கூப்பிடுவது ‘வாயாடி’ என்று.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஒரு ஆடை கம்பெனிக்காக வீட்டிலிருந்தே சட்டைக் காலர் தைக்கிறவர். காலர் மட்டும்தான். கையும் பையும் வேறு எங்கோ வேறு யாரோ தைப்பார்களாம். “நான் தைச்ச சட்டையை முழுசா இதுவரைக்கும் பாத்ததே இல்ல” என்றார். அவரைக் காலர் அக்கா என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். பின்னால் நின்றவர் அவருடைய அண்ணன். கட்டட வேலைக்குப் போகிறவர். நாற்காலி காட்டியும் உட்காராமல் கொதித்துக்கொண்டிருந்தார்.

“உதவித்தொகையை நிறுத்திட்டாங்க சார்” என்றார் அக்கா. “நான் தனியா சமைக்கலையாம். அண்ணன் வீட்டுல சாப்பிடறேனாம்.”

“சாப்பிட்டா என்னக்கா தப்பு?” என்று கேட்டேன்.

பாஸ் கிராம்பை ஒரு பக்கம் ஒதுக்கினார். “ஒரே அடுப்பு விதி, வாயாடி. ஒரே விலாசத்துல ரெண்டு குடும்பம் இருந்தா அடுப்பைத்தான் பாப்பாங்க. ரெண்டு அடுப்பு எரிஞ்சா ரெண்டு குடும்பம். ஒண்ணு எரிஞ்சா ஒரு குடும்பம். எல்லார் சம்பளத்தையும் ஒண்ணாக் கூட்டுவாங்க. அண்ணன் சம்பளத்தைக் கூட்டினா தங்கச்சி ஏழை இல்ல.”

“அண்ணன் ஒண்ணுமே தரலைன்னாலுமா?”

“தர்றாரான்னு விதி கேக்காது. தரக்கூடியவரான்னு மட்டும்தான் கேக்கும்.”

“நல்ல விதி பாஸ். எதிர்வீட்டுக்காரன் பணக்காரனா இருந்தா அதையும் சேத்துக்கலாம்.”

அக்கா சிரிக்கவில்லை. கணவன் போன பிறகு மூன்று வருடமாக அவரும் ஏழு வயது மகளும் பின் அறையில் இருக்கிறார்கள். முன் பகுதியில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண்கள். வாடகை தனி, அடுப்பு தனி. போன செவ்வாய்க்கிழமை அக்கா தைத்த காலர்களைக் கொடுக்கப் போயிருந்தபோது ஆய்வாளர் வந்திருக்கிறார். அடுப்பில் தூசி படிந்திருந்தது, டப்பாக்கள் காலியாக இருந்தன, இங்கே சமையல் நடப்பதாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

“மாசக் கடைசில எங்க வீட்டு டப்பா காலியாத்தான் சார் இருக்கும். அதுக்குத்தானே உதவித்தொகையே குடுக்கறாங்க?”

“தூசி?”

“இருந்துச்சு சார். பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் வந்து பாத்தேன், அடுப்பு பூரா வெள்ளையா தூசி. கூரை உதிர்ந்துடுச்சுன்னு நெனச்சு துடைச்சிட்டு சமைச்சேன். காலையில நான் சமைச்சிட்டுப் போன அடுப்பு அது.”

“கதவைத் திறந்து விட்டது நான்தான் சார்” என்று அண்ணன் குறுக்கிட்டார். “ஆபீஸ்ல இருந்து வந்திருக்கோம்னு சொன்னாங்க, நல்லதுக்குத்தான்னு சாவியை எடுத்துக் குடுத்தேன். இதெல்லாம் அந்த வீட்டுக்காரம்மா வேலை. பாப்பாவைக் காலி பண்ண வைக்கணும்னு ரொம்ப நாளா பாத்துட்டிருக்கா. சாவி மீட்டர் பெட்டி மேலதான் இருக்கும், எல்லாருக்கும் தெரியும்.” பாப்பா என்று அவர் கூப்பிடும் தங்கையின் தலையில் கையை வைத்தார். “அப்பா போனப்புறம் இவளை வளத்ததே நான்தான் சார். இவ வயித்துல அடிச்சவளை நான் சும்மா விட மாட்டேன்.”

எனக்கு ஒரு அண்ணன் இல்லையே என்று அந்த நிமிடம் ஏக்கமாகவே இருந்தது.

அன்று மூன்று மணிக்கு மேல்முறையீட்டு விசாரணை. அதில் தோற்றால் உதவித்தொகையோடு மருத்துவ அட்டையும் போய்விடும். மகளுக்கு வலிப்பு நோய். அந்த அட்டையைக் காட்டித்தான் மாத்திரை வாங்குகிறார்கள். கையில் இருப்பது இந்த வாரத்தோடு தீர்கிறது. ஒரு வேளை தவறினாலும் குழந்தை விழுந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். இதைச் சொல்லும்போது அக்கா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“மூணு மணிக்கு நானே வந்து சாட்சி சொல்றேன் சார்” என்று சொல்லிவிட்டு அண்ணன் வேலைக்குக் கிளம்பினார்.

*

உதவித்தொகை அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குக் கீழே பேசுவதற்கு ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். நிற்கிறவனுக்கு அது இடுப்பு உயரம், உட்கார நாற்காலி கிடையாது. உதவி கேட்கிறவன் குனிந்துதான் கேட்க வேண்டும் என்று ஒரு தச்சனிடம் சொல்லியே செய்திருப்பார்கள் போலிருக்கிறது. நான் குனிந்தேன். பாஸுக்கு இடுப்பு வலி, குனிய மாட்டார்.

தடுப்புக்கு வெளியே வந்த ஆய்வாளர் இளைஞர். மாடி மாடியாக ஏறி அவருடைய காலணியின் முன்பக்கம் வாய் பிளந்திருந்தது. நல்லவராகத்தான் தெரிந்தார்.

“நான் யார் மேலயும் வன்மம் வச்சு எழுதல சார். பாத்ததை எழுதினேன். போட்டோ இருக்கு.”

“யார் புகார் கொடுத்தது?” என்று பாஸ் கேட்டார்.

“புகார் இல்ல. சரிபார்க்கச் சொல்லி மேல்மாடியில இருந்து விலாசம் வந்துச்சு. ஏன் எதுக்குன்னு அதுல இருக்காது. அவங்க இலாகா வேற, எங்க இலாகா வேற. ஒரே படிக்கட்டுன்னுதான் பேரு.”

போனில் போட்டோவைக் காட்டினார். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. மேலே நல்ல கனமாக வெள்ளைத் தூசி. ஒரு வருடமாக யாரும் தொடாத அடுப்பு என்று நானே சத்தியம் செய்திருப்பேன்.

“அதிகாரி கண்ணுல மண்ணைத் தூவுவாங்க, கேள்விப்பட்டிருக்கேன்” என்றேன். “அடுப்புல தூவி இப்பதான் பாக்கறேன்.”

பாஸ் போனை வாங்கினார். போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கி, பர்னர் மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

“பர்னர் என்ன வடிவம்?”

“வட்டம்.”

“அதைச் சுத்தி தூசி விழாத இடம் இருக்கே, அது?”

பார்த்தேன். பாத்திரம் வைக்கும் கம்பி ஸ்டாண்டுக்கு அடியில், பர்னரைச் சுற்றித் தூசி இல்லாமல் ஒரு இடம். ஓரம் கத்தரித்தாற்போல் இருந்தது. நான்கு மூலை.

“சதுரம் பாஸ்.”

“ரெண்டு பர்னருக்கும் சதுரம். தூசி மேலேர்ந்து விழறப்போ கோடு கிழிச்சுக்கிட்டு விழாது, வாயாடி. யாரோ பர்னரை மட்டும் எதையோ வச்சு மூடிட்டு மத்த இடத்துல தூவியிருக்காங்க. அப்புறம் மூடினதை எடுத்துட்டாங்க.”

ஆய்வாளர் முகம் வெளிறியது. “நான் இதைப் பாக்கலையே சார்.”

“நீங்க தூசியைத் தேடி வந்தீங்க, தூசி கிடைச்சிடுச்சு. தூசி இல்லாத இடத்தை ஏன் பாக்கப்போறீங்க?”

எனக்கு ஒன்று புரியவில்லை. ஒருத்தியைக் கெடுக்க வந்தவன் அவளுடைய பர்னர் ஓட்டையில் தூசி போகக்கூடாது என்று எதற்காகக் கவலைப்பட வேண்டும்? இதைக் கேட்டேன். பாஸ், “அதுதான் கேள்வி” என்று சொல்லிவிட்டு, போட்டோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, விறுவிறுவென்று மேல்மாடிக்கு ஏறினார். இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

இறங்கி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

“மேல என்ன இருந்துச்சு பாஸ்?”

“வயித்தெரிச்சல்.”

அதற்குமேல் அவர் வாயைத் திறக்க வைப்பது யாராலும் ஆகாது. பேசாமல் காரில் ஏறினேன்.

*

காலர் அக்காவின் அறையில் தையல் மெஷின், கட்டில், அடுப்பு, ஜன்னல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. கட்டிலில் அவருடைய மகள் குட்டி காலர் துண்டுகளை விசிறி மாதிரி அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். வாசலில் வீட்டுக்காரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“என்னையா சந்தேகப்படறீங்க? இவ வாடகை யார் தர்றா தெரியுமா? அந்த ஆபீஸ்தான் நேரா என் பேருக்கு அனுப்புது. உதவித்தொகை நின்னா முதல்ல என் வாடகைதான் நிக்கும். என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுப்பேனா?”

நான் பாஸைப் பார்த்தேன். பாஸ் தலையாட்டினார். இந்த அம்மாள் மேல் இருந்த சந்தேகம் வாசலிலேயே செத்துவிட்டது.

“இவங்க தனியா சமைக்கறதில்லையா?” என்று பாஸ் கேட்டார்.

“யார் சொன்னது? தினமும் காலையில இவ குக்கர் விசில்லதான் எனக்கு முழிப்பு வருது. எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன், கேளுங்க.”

“ஆமா சார்” என்றார் அக்கா. “அதுக்குத்தான் அவங்களுக்கு என் மேல கோபம்.”

பாஸ் அடுப்பின் முன்னால் மண்டி போட்டார். கம்பி ஸ்டாண்டை எடுத்தார். பளபளவென்று துடைத்த தகட்டில் பர்னரைச் சுற்றி மங்கலாக ஒரு சதுரம் இன்னும் இருந்தது.

“இது மட்டும் போக மாட்டேங்குது சார். தேய்ச்சு தேய்ச்சுப் பாத்துட்டேன். ஏதோ பிசுபிசுன்னு இருக்கு.”

“பசை” என்றார் பாஸ். “டேப் ஒட்டி எடுத்த பசை. அதுல தூசி ஒட்டிக்கிச்சு.” நகத்தால் சுரண்டி விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். “கூரை உதிர்ந்தா மணல் இருக்கும். இது மாவு மாதிரி இருக்கு. சுவர்ல பட்டி பூசி, காஞ்சப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாங்க இல்ல? அப்போ பறக்கிற தூள்.” எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். குரல் இறங்கியது. “உங்க அண்ணன் கட்டட வேலைன்னு சொன்னாரு. அதுல என்ன வேலைம்மா?”

“பெயிண்ட்” என்றார் அக்கா.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே கேட்டது. மெஷின் மேல் ஊன்றியிருந்த கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே வைத்தார்.

“இருக்காது சார். வேற யாராவது பெயிண்டரா இருக்கும்.”

“இன்னைக்கு அவருக்கு எங்க வேலை?”

“ஏதோ புதுக் கட்டடம்னாரு. எந்த இடம்னு தெரியாது.”

“எனக்குத் தெரியும்” என்றார் பாஸ். “வாயாடி, அடுப்பைத் தூக்கு.”

“எதைத் தூக்கறது?”

“அடுப்பை. கேஸை மூடிட்டு ட்யூபைக் கழட்டு. மூணு மணிக்கு நமக்குச் சாட்சி அதுதான்.”

குட்டியை வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அடுப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் காரில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் எத்தனையோ சாட்சிகளோடு போயிருக்கிறேன், இவ்வளவு கனமான சாட்சி இதுதான்.

*

ஊரின் ஓரத்தில் அரசுக் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் ஒரு கதவு திறந்து கிடந்தது. உள்ளே புதுப் பெயிண்ட் வாசனை. அண்ணி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏணி மேல் ரோலரோடு அண்ணன். சிறிய அறையின் சுவருக்கு இளஞ்சிவப்பு அடித்தாயிற்று, தன் இரண்டு பெண்களுக்காக.

ரோலர் பாதியில் நின்றது. “பாப்பா, நீ எங்க இங்க?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். நீ எங்க இங்க?”

அண்ணன் ஏணியைவிட்டு இறங்கவில்லை. பாஸ்தான் பதில் சொன்னார்.

“ஆறு பேர் குடும்பத்துக்கு ஒதுக்கின வீடும்மா இது. அந்த ஆபீஸ்ல கீழ்மாடி உதவித்தொகை, மேல்மாடி வீடு. கீழ உதவி வேணும்னா குடும்பம் சின்னதா இருக்கணும். மேல வீடு வேணும்னா பெரிசா இருக்கணும், ஒரே அடுப்புல ஆறு பேராவது சாப்பிடணும். இவங்க நாலு பேர். ரெண்டு பேர் குறைஞ்சாங்க.”

“பின் அறையிலேர்ந்து இரவல் வாங்கிட்டாரு” என்றேன்.

“மேல எழுதிக் குடுத்ததும் சரிபார்க்க எந்த நாள் வருவாங்கன்னு இவருக்கு மட்டும் தெரிவிச்சாங்க. நீங்க காலர் குடுக்கப் போற நாளாப் பாத்துக் கேட்டு வாங்கியிருக்காரு. உங்க அடுப்பு எரியலைன்னு ஆனாத்தான் ஆறு பேர் கணக்கு நிக்கும்.”

அண்ணன் இறங்கி வந்தார். கையில் பெயிண்ட் வழிந்ததைத் துடைக்கக்கூட மறந்துவிட்டார்.

“வேற வழி தெரியல பாப்பா. பத்து வருஷமா ஒழுகற கூரைக்குக் கீழ கிடக்கறோம். நாலு பேர்னா வரிசையிலகூட நிக்க விட மாட்டேங்கறாங்க. நாங்க நாலு பேர் நனைஞ்சா அது நனையறதா அவங்களுக்குத் தெரியல. உன் பணத்தை நிறுத்துவாங்கன்னு எனக்கு மொதல்ல தெரியாது, சத்தியமா. தெரிஞ்சப்போ வீடு கைக்கு வந்துடுச்சு. அப்புறம் என்ன பண்றது? இந்த வீடு நம்ம எல்லாருக்கும்தான்.”

அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. சுற்றிப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

“நானும் குட்டியும் எங்க படுக்கறது அண்ணா?”

அண்ணன் ஹாலைப் பார்த்தார். அதற்குள் அண்ணி தரை துடைக்கும் துணியைப் பிழிந்தபடியே சொல்லிவிட்டார்: “ஹாலுக்கு எங்கம்மா வர்றாங்களே.”

சொன்ன பிறகு அவருக்கே தப்பு என்று தெரிந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காலையில் அந்த ஆளைப் பார்த்து ஏங்கினேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. தங்கையின் பெயரையும் குழந்தையின் பெயரையும் கொடுத்து வீட்டை வாங்கிவிட்டு, அந்த வீட்டில் அவர்களுக்கு ஒரு பாய் போட இடம் வைக்கவில்லை. இதற்குமேல் அந்த ஆளை அவர் இவர் என்று எழுத என் கை வரவில்லை.

“பர்னரை டேப் போட்டு மூடியிருக்க” என்றார் அக்கா.

அவன் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்துவிட்டது போல. “ஆமா பாப்பா. உள்ள தூள் போயிட்டா அடைச்சுக்கும் இல்ல? ராத்திரி உனக்கு சமைக்க வேணாமா?”

“அது எனக்காகப் போட்டியா, பழக்கத்துல போட்டியா?”

பெயிண்ட் அடிக்கிறவன் தூசி கிளப்புவதற்கு முன்னால் எதையாவது மூடிவிட்டுத்தான் கிளப்புவான். கதவுப் பிடியானாலும் சரி, ஸ்விட்சானாலும் சரி. கை தானாகவே டேப்பைக் கிழிக்கும். தன் கை அன்று எதற்காகக் கிழித்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

“அன்னைக்கு ராத்திரி அதுலதான் சமைச்சேன். உனக்குப் பருப்பு பிடிக்கும்னு ஒரு கிண்ணம் குட்டிகிட்ட குடுத்தனுப்பினேன். சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“நல்லா இருந்துச்சா?”

அவன் அழ ஆரம்பித்துவிட்டான். பெரிய ஆண்பிள்ளை, பெயிண்ட் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதான். “வர்றேன் பாப்பா. மூணு மணிக்கு வந்து உண்மையைச் சொல்லிடறேன். வீடு போனாப் போகுது. குட்டிக்கு மாத்திரை நிக்கக்கூடாது. நான் சொல்லிடறேன்.”

காரில் திரும்பும்போது அக்கா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “சொல்லிடுவாரு சார். புத்தி கெட்டுப் பண்ணிட்டாரு. ஆனா வந்து சொல்லிடுவாரு. எங்க அண்ணனை எனக்குத் தெரியாதா?”

“சொல்லட்டும்மா” என்றார் பாஸ். “வாயாடி, அடுப்பைப் பத்திரமாப் பிடிச்சுக்க.”

*

விசாரணை அறைக்குள் அடுப்பைக் கொண்டுபோகக் காவலாளி விடவில்லை. ஆயுதமா என்று கேட்டார். “சாட்சி” என்றேன். “அடையாள அட்டை இருக்கா?” என்றார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. பாஸ் ஏதோ பேசி உள்ளே விட வைத்தார்.

மேல்முறையீட்டு அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. காலையிலிருந்து எத்தனை பேர் கண்ணீரைப் பார்த்தாரோ, முகம் இறுகிப் போயிருந்தது. பக்கத்தில் ஆய்வாளர். சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியும் அண்ணன் நாற்காலி காலியாக இருந்தது. அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்துவிட்டான். மூச்சு வாங்க, வேலைச் சட்டையோடேயே வந்தான். அக்காவின் தோள் தளர்ந்தது. அவனைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

“நீங்க மனுதாரரோட அண்ணன்தானே?” என்று அதிகாரி கேட்டார். “உங்க தங்கச்சி தனியா சமைக்கறாங்களா, உங்க வீட்டுல சாப்பிடறாங்களா?”

அவன் மேசை விளிம்பைப் பார்த்தான். வரும் வழியில் அவனுக்கு என்னவெல்லாம் ஞாபகம் வந்ததோ. இளஞ்சிவப்புச் சுவர் வந்திருக்கும். ஒழுகும் கூரை வந்திருக்கும்.

“ஒரே அடுப்புதான் மேடம்” என்றான். “கூடப் பொறந்தவளை நான் தனியா சமைச்சு சாப்பிட விடுவேனா?”

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். நாக்கு நுனிக்கு வந்த வார்த்தைகளை இங்கே அச்சில் போட முடியாது. பாஸ் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு அடுப்பை எடுத்து அதிகாரியின் மேசை மேல் வைத்தார்.

“மேடம், இது மனுதாரரோட அடுப்பு. இது ஆய்வாளர் எடுத்த போட்டோ. பர்னர் வட்டம், தூசி இல்லாத இடம் சதுரம். அடுப்புல பாருங்க, அதே சதுரம், டேப் பசை. உபயோகிக்காத அடுப்புல தானாப் படிஞ்ச தூசின்னா இந்த டேப் எங்கேர்ந்து வந்துச்சு?”

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். முதல் தடவையாக இந்த அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவர் குனிவதைப் பார்த்தேன்.

பாஸ் அவன் பக்கம் திரும்பினார். “அதைக் கொஞ்சம் குடுங்க.”

“எதை?”

“கையில இருக்கே.”

பெயிண்டர்கள் டேப் சுருளை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். ஓடி வந்த அவசரத்தில் கழற்ற மறந்திருந்தான். சட்டைக் கையை இழுத்து மூடப் பார்த்தான். அதிகாரி கையை நீட்டியபோது வேறு வழியில்லாமல் கழற்றிக் கொடுத்தான். பாஸ் ஒரு துண்டைக் கிழித்து அடுப்பின் பசைத் தடத்தின் மேல் வைத்தார். அகலம் இம்மி பிசகவில்லை.

“மேல்மாடியில ஆறு பேர் குடும்பம்னு வீடு வாங்கியிருக்காரு மேடம். கூப்பிட்டுக் கேளுங்க.”

அதிகாரி உள் தொலைபேசியில் கேட்டார். சுருக்கமாகவே கேட்டார். கேட்டதும் போனை வைத்துவிட்டு ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் தன் காலணியைப் பார்த்தார்.

“அந்த ஒதுக்கீடு ரத்தாகும்” என்றார் அதிகாரி. “பொய் உறுதிமொழிக்கு அவங்க தனியா நடவடிக்கை எடுப்பாங்க.”

அண்ணன் திரும்பினான். “பாப்பா, நீ சொல்லு. நீ ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க. என் பொண்ணுங்க, பாப்பா.”

அக்கா அவன் கண்ணிமையில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். “உங்க அடுப்பு தனிதான்னு எழுதிக்கறேன்மா. கடைசியா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. விதிப்படி எல்லாரையும் கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ஒரு கஷ்டம்னா கைகொடுக்க, சொந்தம்னு சொல்லிக்க யாராவது இருக்காங்களா?”

அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுடைய முழங்கை தங்கையின் நாற்காலிக் கையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அக்கா தன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“யாரும் இல்ல மேடம்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். முத்திரையை மையில் ஒற்றி எடுத்தார்.

“அப்போ உங்களுக்குத் தகுதி இருக்கும்மா.”